எறும்பைப் போட்டாலும் பால் உறையும்! பிறகு தயிர் மெஷின் எதற்கு?

வணக்கம் நேயர்களே. வெதுவெதுப்பான பாலில் நான்கு எறும்புகளைப் போட்டு, சாடியின் வாயைத் துணியால் கட்டி, அதை எறும்புப் புற்றுக்குள் ஓர் இரவு புதைத்து வைத்தால், மறுநாள் அந்தப் பால் புளித்துக் கெட்டியாகத் தொடங்கியிருக்கும். இது கட்டுக்கதையன்று. பல்கேரியாவிலும் துருக்கியிலும் முன்பு வழக்கில் இருந்த இந்த முறையை ஒரு பல்கேரியக் கிராமத்தில் செய்து பார்த்த ஆய்வாளர்கள், தங்கள் முடிவுகளை 2025இல் வெளியிட்டார்கள். அந்தக் காட்டுச் சிவப்பெறும்புகளின் உடலில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. எறும்பு சுரக்கும் பார்மிக் அமிலமோ பாலைச் சற்றே புளிக்கச் செய்து, அந்தப் பாக்டீரியாக்கள் பெருகத் தோதான சூழலை அமைத்துக் கொடுக்கிறது. எறும்பில் ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும் என்பதால், உங்கள் புளோக்கின் சுவரில் ஊருகிறவற்றைப் பிடித்துச் சோதனை செய்ய வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

உறைவதற்குப் பாலும் நுண்ணுயிரும் கொஞ்சம் சூடும் போதும். பகலில் 31 அல்லது 32 டிகிரியைத் தொடும் சிங்கப்பூரில், அந்தச் சூட்டுக்காக ஒரு மின்கருவியை வாங்கி, இடமில்லாத சமையலறை மேடையில் அதற்கும் இடம் தேடுவது வீண் செலவு என்பதே என் கருத்து.

அறிவியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. புளிப்பு ஏற ஏற அதை அளக்கும் பிஎச் எண் குறையும்; அது 4.6ஐ நெருங்கும்போது பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் வலைபோலப் பிணைந்து பாலைக் கெட்டியாக்குகிறது.

இனி, பலரும் தடுமாறும் இடத்துக்கு வருவோம். பேரங்காடியில் வாங்கிய யோகர்ட்டில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றிவிட்டு, காலையில் பால் பாலாகவே இருப்பதைக் கண்டு பாலைக் குறை சொல்கிறோம். குறை பாலில் இல்லை. யோகர்ட்டில் இருப்பவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ், லாக்டோபாசில்லஸ் பல்காரிக்கஸ் என்னும் இரண்டு பாக்டீரியாக்கள். இரண்டாவதை 1905ஆம் ஆண்டில் ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர் கண்டறிந்தார். இவை இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் கூட்டாளிகள்: பின்னது பால் புரதத்தைச் சிதைத்து முன்னதற்கு உணவளிக்கிறது, முன்னது பின்னதற்குத் தருபவற்றுள் ஒன்று, நம்புங்கள், அதே பார்மிக் அமிலம்! ஆனால் இந்த இணைக்கு 40 முதல் 45 டிகிரி வரை சூடு வேண்டும்; நம் அறையின் சூட்டில் அவை சோம்பியே கிடக்கும்.

வீட்டு உறைமோரின் கதை வேறு. அதில் பெரும்பாலும் லாக்டோகாக்கஸ் போன்ற, 30 டிகிரியிலேயே சுறுசுறுப்பாக வேலை செய்யும் இனங்களும் கலந்திருக்கும். ஆகவே, எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்கிய இரண்டு கரண்டி மோர், விலையுயர்ந்த எந்த யோகர்ட்டையும்விட நம் ஊருக்குப் பொருத்தமானது. அக்கா ஊருக்குப் போயிருந்தால், தேக்கா சந்தையில் வாங்கிய பச்சைமிளகாயின் காம்புகளைக் கழுவி வெதுவெதுப்பான பாலில் போட்டுவைக்கலாம். காம்பில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா மெதுவாகப் பாலை உறையச் செய்யும். அந்த முதல் தயிர் தளர்வாக இருக்கும். அதை அடுத்த பாலுக்கு உறையாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டு உறைமோர் முதன்முதலில் யார் வீட்டிலிருந்து வந்தது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அந்தப் பதில்களுக்காகவே இந்தக் காணொளியைத் தயாரித்தேன் என்றாலும் பொய்யில்லை.

(திரையில்: அடுப்பில் பொங்கும் பால்)

செய்முறை எளிது. பெட்டிப் பால் ஏற்கெனவே பேஸ்டுரைஸ் செய்யப்பட்டதுதானே என்று காய்ச்சாமல் விட்டுவிடாதீர்கள். 85 டிகிரிக்கு மேல் சூடேறும்போதுதான் பாலிலுள்ள மோர்ப்புரதம் (வே புரோட்டீன்) விரிந்து கேசினோடு ஒட்டிக்கொள்கிறது. தயிர் நீர்விடாமல் கட்டியாக நிற்பதற்கு அதுவே காரணம். ஒரு லிட்டர் பாலைப் பொங்கவிட்டு, சிறு தீயில் ஐந்து நிமிடம் வைத்து, விரலை விட்டால் சுடாமல் இதமாக இருக்கும் வரை ஆறவிட்டு, இரண்டு தேக்கரண்டி உறைமோரைக் கலந்து மூடிவிடுங்கள். உறை அதிகமானால் தயிர் கெட்டியாகும் என்பது தவறான நம்பிக்கை, புளிப்புதான் முந்திக்கொள்ளும்.

யோகர்ட்டைத்தான் உறையாகப் பயன்படுத்துவீர்கள் என்றால், பாத்திரத்தைத் தடித்த துண்டில் சுற்றி, வெந்நீர்ப் பாட்டில் ஒன்றோடு ஒரு பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ரைஸ் குக்கரின் சூடு காக்கும் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள்: சோற்றுக்கு ஏற்ற அந்த 60 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பாக்டீரியா மடிந்துவிடும். குளிரூட்டி ஓடும் படுக்கையறையும் உதவாது.

சிங்கப்பூரில் தயிர் உறையாமல் போவதைவிட, கவனிப்பாரின்றிப் புளித்துப்போவதே அதிகம். காலையில் உறை ஊற்றிவிட்டு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்: படுக்கப்போகும்போது ஊற்றி, எழுந்தவுடன் பாத்திரத்தைச் சாய்த்துப் பாருங்கள்; தயிர் விளிம்பைவிட்டு ஒன்றாக நகர்ந்தால் உடனே குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த முறைக்கான உறையை அப்போதே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைப்பது நல்லது. அதையும் மீறிப் புளித்துவிட்டால், அன்றைக்கு மோர்க்குழம்பு.