மனநல மாத்திரையும் நாள்பட்ட பக்க விளைவும்

நேயர்களுக்கு வணக்கம்.

"இந்த மாத்திரையை இன்னும் எத்தனை வருஷம் சாப்பிடணும் டாக்டர்? நாள்பட்டா உடம்பைக் கெடுத்துடாதா?" மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுப்பவர்களை அழைத்து வரும் அம்மாக்கள் பலர், எல்லாம் பேசி முடித்து எழுந்து கதவுப் பக்கம் போன பிறகுதான் இதைக் கேட்கிறார்கள். உட்கார்ந்து நிதானமாகக் கேட்க வேண்டிய கேள்வி இது. இன்று அதைத்தான் பேசப் போகிறேன்.

மருந்தால் என்ன லாபம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012-இல் 65 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மருந்தை நிறுத்தியவர்களில் 100-க்கு 64 பேருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 27 பேருக்குத்தான். பின்லாந்தில் 62,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை 20 ஆண்டு வரை கவனித்ததில், மருந்து எடுத்த காலத்தில் இறப்பு குறைவாகவே இருந்தது. மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் மற்ற விதத்திலும் உடம்பைப் பார்த்துக்கொள்பவர்களாக இருக்கலாம். அதனால் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும், மாத்திரை மெல்ல மெல்ல ஆளைக் கொன்றுவிடும் என்று பயந்து தூக்கிப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, உடம்பு இதற்குக் கொடுக்கிற விலை என்ன?

என்னிடம் வந்த ஒரு நாகஸ்வரக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். ஹாலோபெரிடால் என்ற பழைய வகை மாத்திரையைப் பல வருடங்களாக எடுத்தவர். காதில் கேட்ட குரல்கள் அடங்கி, கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் போய்க்கொண்டிருந்தார். வாயில் வெற்றிலை இல்லாதபோதும் அவர் எதையோ மென்றுகொண்டே இருப்பதை அவர் மனைவிதான் முதலில் கவனித்தார். நாக்கு உள்ளே புழுப்போல நெளியும், உதடு தானாகக் குவியும். சீவாளி உதட்டில் நிற்கவில்லை. இதற்குத் தாமத இயக்கக் கோளாறு என்று பெயர். பழைய வகை மருந்துகளில் ஆண்டுக்கு 100-க்குச் சுமார் 5 பேருக்கு இது வருகிறது. வயதானவர்களுக்கு இன்னும் அதிகம், புதிய வகைகளில் குறைவு. மருந்தை நிறுத்தினாலும் சிலருக்குப் போகாது. கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்சிபெனிடில் மாத்திரையை இதற்கும் கேட்கும் என்று நினைத்துக் கூடுதலாகப் போடுகிறார்கள். அது கேட்காது, சில நேரம் கூட்டியும் விடும்.

க்ளோசபைன் என்ற மருந்துக்கு மாறலாம் என்று சொன்னேன். அதில் இந்தக் கோளாறு மிகக் குறைவு. ஆனால் ரத்தத்தின் வெள்ளணுக்களை அது குறைத்துவிடக்கூடும். 1975-இல் பின்லாந்தில் அதனால் உயிர்கள் போயின. ஆகவே முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். எடை கூடும், மலச்சிக்கல் வரும், தூக்கத்தில் எச்சில் வழியும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாரா வாரம் ரத்தம் கொடுக்கச் சம்மதம், உதட்டை மட்டும் விட முடியாது என்றார் அவர். வாசிக்கிறவர் அவர், அந்த முடிவை அவர் எடுத்ததுதான் சரி.

வேறொருவருக்கு இதே கணக்கு வேறு மாதிரி வரும். கல்யாண வயதுப் பெண்ணுக்கு ஓலன்சபைன் என்ற புதிய வகை மருந்தைக் கொடுத்தால், குரல்கள் நின்ற சில மாதங்களிலேயே எடை மளமளவென்று ஏறலாம். பின்னாலேயே சர்க்கரையும் கொழுப்பும் வரும். ரிஸ்பெரிடோன் என்ற இன்னொரு புதிய வகை மருந்தில் மாதவிலக்கு நின்றுபோகலாம், மார்பில் பால் சுரக்கலாம். வெட்கப்பட்டு அந்தப் பெண்கள் யாரிடமும் சொல்வதில்லை. கேட்காமல் விடுவது மருத்துவர்களாகிய எங்கள் தரப்பின் பெரிய குறை என்பேன். மாத்திரை தொடங்கும் அன்றே எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு நான்கையும் எழுதி வைத்து, மூன்று மாதத்தில் மறுபடி பார்த்தால் பெரும்பாலானவற்றை முன்பே பிடித்துவிடலாம். எடைக்கு மெட்பார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கலாம், இல்லை மருந்தையே மாற்றலாம்.

இன்னொன்று, இருப்புக் கொள்ளாமை. நாற்று நடப் போன இடத்தில் வரிசையில் நிற்க முடியாமல் வரப்புக்கும் வயலுக்குமாக நடந்துகொண்டே இருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் அழைத்து வந்தார்கள். கால்களுக்குள் அந்தப் பரபரப்பை உண்டாக்கியது மருந்துதான். இது புரியாமல் டோஸைக் கூட்டினால் வேதனைதான் கூடும். குறைத்தோம், அடங்கியது.

அப்படியானால் எல்லோருக்கும் குறைத்துவிடலாமா? நெதர்லாந்தில் முதல் முறை நோய் வந்தவர்களை ஏழு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, தொடக்கத்திலேயே டோஸ் குறைக்கப்பட்ட குழுவில் 100-க்கு 40 பேர் நன்கு தேறியிருந்தார்கள். மற்ற குழுவில் 18 பேர்தான். 2013-இல் அது வெளிவந்தபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் 2023-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆய்வில், நாள்பட்ட நோயாளிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தும் இரண்டு ஆண்டுகளில் வாழ்க்கை மேம்படவில்லை, நோய் திரும்புவதுதான் கூடியது. இரண்டையும் வைத்து நான் நினைப்பது இதுதான்: எத்தனை முறை நோய் வந்தது, வந்தபோது என்ன நடந்தது என்பதைப் பார்த்துத்தான் குறைக்க வேண்டும். குறைத்தாலும் மாதக்கணக்கில், டாக்டர் கண்காணிப்பில், வீட்டில் தூக்கம் குறைகிறதா என்று பார்க்க ஒருவர் இருக்கும்போது. மனநோய் தீர வேண்டி, குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கி வேண்டிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. தாராளமாகத் தங்குங்கள். மாத்திரையை மட்டும் அங்கே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

வெயில் காலத்தில் உளுந்து எடுக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மருந்துகளில் பல, உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கின்றன. உச்சிப் பொழுதைத் தவிர்த்து, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எடையைக் குறித்த நோட்டைக் கொண்டுபோங்கள். வாயைத் திறந்து நாக்கைப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை. இந்த டோஸ் இப்போதும் தேவையா என்று மாத்திரை சாப்பிடுகிறவரே கேட்கட்டும். நடுராத்திரியில் சந்தேகம் வந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

வணக்கம்.