வாயுள்ள பிள்ளை பிழைக்கும்

(கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாசகசாலை ஒன்றில், ஜூன் 19 வாசிப்பு நாளன்று பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வாசகசாலைச் செயலாளர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, எனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்து இன்று முன்வரிசையில் கைத்தடியோடு அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வேலந்தாவளத்திலிருந்தும் மீனாட்சிபுரத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். சற்று முன் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அதை ஐயாவின் தோளில் போர்த்திவிட்டுப் பேச்சைத் தொடங்க அனுமதி கேட்கிறேன். (போர்த்தினேன். கைதட்டல் ஓயக் கொஞ்சம் நேரமாயிற்று. ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.)

இன்று பி. என். பணிக்கர் மறைந்த நாள். 1945-ல் அம்பலப்புழையில் நூலகங்களை ஒரு சங்கமாகக் கூட்டியவர் அவர். 'வாயிச்சு வளருக' என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனவர். 1995-ல் இதே நாளில் காலமானார். அவர் பெயரால் கூடிய கூட்டத்தில், பிழைப்புக்காக அயல்நாடு போனவனின் அனுபவத்தைச் சொல்லும்படி செயலாளர் கேட்டார். மூன்று விஷயம் சொல்ல எண்ணி வந்தேன்: போன இடத்துப் பேச்சு, போன இடத்துப் பழக்கவழக்கம், கையெழுத்துப் போடும் ஒப்பந்தக் காகிதம்.

எங்கள் அம்மாயி அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.' சந்தைக்குப் போனாலும் அதைத்தான் சொல்லும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாலும் அதைத்தான் சொல்லும். நான் ஜப்பானுக்குக் கிளம்பிய அன்றைக்கு என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டும் அதையேதான் சொன்னது. அங்கே போனபிறகுதான் அதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது.

நாகோயாவுக்குப் பக்கத்தில் இயந்திர உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றில் 9 ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதல் வருஷம், தை மாதத்தில் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் குழுவுக்கு மேலாள் ஒருவர் உண்டு. ஹன்ச்சோ என்பார்கள். அவரிடம் போய், படித்து வைத்திருந்த அரைகுறை ஜப்பானியத்தில் பத்து நாள் விடுப்புக் கேட்டேன். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தார். பிறகு மெல்ல, "சொத்தோ... முசுகஷீ நா" என்றார். சொத்தோ என்றால் கொஞ்சம். முசுகஷீ என்றால் கஷ்டம். கொஞ்சம் கஷ்டம்! நம் ஊர் ஆபீஸில் ஒருவர் 'கொஞ்சம் கஷ்டம்தான்' என்றால் என்ன பொருள்? வழி இருக்கிறது, இன்னும் ஒரு தடவை கேள் என்றுதானே பொருள்? (கூட்டத்தில் 'ஆமா, ஆமா' என்று குரல்கள்.) நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். குனிந்து நன்றி சொல்லிவிட்டு வந்து, மறுநாளே விமான டிக்கெட் எடுத்தேன். தங்கைக்குக் கைக்கடிகாரம் வாங்கினேன். அம்மாவுக்குப் போன் போட்டு, 'வந்துவிடுகிறேன், மாப்பிள்ளை அழைப்புக்கு நான் நிற்பேன்' என்று உறுதி சொன்னேன்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது முறைவேலைப் பட்டியலை ஒட்டினார்கள். என் பெயர் இரவு முறையில் இருந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். ஹன்ச்சோவின் முகம் வெளுத்துவிட்டது. குரலை உயர்த்தவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "அன்றைக்கே சொன்னேனே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள்தான் அன்றிரவு தேநீர் ஊற்றி வைத்து எனக்கு விளக்கினார். 'சொத்தோ' என்று இழுத்தால் இல்லை என்றே அர்த்தம். இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னால் உன் முகம் வாடிப்போகும். அதைப் பார்க்க மனமில்லாமல்தான் அவர் பாதியில் நிறுத்தினார். மீதியை நீ புரிந்துகொள்வாய் என்று நம்பினார்.

எனக்கு அப்போது எங்கள் வீட்டு அடுக்களை நினைவுக்கு வந்தது. அரிசிப்பானை காலியானால் அம்மா 'அரிசி இல்லை' என்று சொன்னதுண்டா? 'நிறைஞ்சிருக்கு' என்பார். விளக்கை 'அணை' என்று சொல்லமாட்டார், 'குளிர வை' என்பார். வாசற்படி இறங்கும்போது 'போறேன்' என்று சொன்னால் அடி விழும். 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஜப்பானிய அம்மாளும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்னை 'இத்தெகிமஸ்' என்று சொல்லப் பழக்கியிருந்தார். அதைப் பிரித்துப் பார்த்தால் போய் வருகிறேன் என்றே பொருள். அவர் சொல்லும் பதில் 'இத்தெராஷ்ஷாய்', போய் வா. இவ்வளவு ஒற்றுமையான பேச்சை வைத்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லில் நான் தவறிவிட்டேன்.

தங்கை கல்யாணத்துக்கு நான் போகவில்லை. டிக்கெட் பணமும் போயிற்று. முகூர்த்த நாளன்று இரவு முறையில் நின்றேன். இடைவேளையில் ஹன்ச்சோ வந்தார். இரண்டு கையாலும் ஓர் உறையை நீட்டினார். மேலே சிவப்பும் வெள்ளையுமாகக் கயிறு முடிச்சு. உள்ளே புத்தம்புது நோட்டு ஒன்று, பத்தாயிரம் யென். கல்யாணக் காசு இரண்டாகப் பிரிகிற எண்ணிக்கையில் இருக்கக் கூடாதாம், பழைய நோட்டும் ஆகாதாம். நாம் நூறோடு ஒரு ரூபாய் சேர்த்து மொய் எழுதுகிறோமே, அதே கணக்கு! அந்த இடத்திலேயே நான் அழுதுவிட்டேன். அவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த உறை இன்னும் என் தங்கை வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றால், அந்த வாய் போன ஊரின் வாயாக இருக்க வேண்டும். நம் மண்ணுக்கு வந்த அயலார் இதை அறிந்திருந்தார்கள். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கி, பிள்ளைகளோடு சேர்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகினார். அதே நாட்டிலிருந்து வந்த பாதிரியார் எர்மன் குண்டர்ட் முதலில் தமிழ் கற்றவர். ஆந்திரத்துச் சித்தூரில் இருந்துவிட்டு (நம் சித்தூர் வேறு, அந்தச் சித்தூர் வேறு) 1839-ல் தலச்சேரிக்கு வந்தார். 1872-ல் அவருடைய மலையாள அகராதி வெளிவந்தது. அதற்கும் முன்னால், 1850-லேயே, ஆயிரம் பழஞ்சொற்களைத் திரட்டி அச்சிட்டார். ஊரின் பழமொழியைப் பிடித்தவன் ஊரைப் பிடித்தவன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் கிடந்தேன். நம் தென்னந்தோப்புகளில் தேங்காய் உரிப்பது யார்? கஞ்சிக்கோடு இரும்பாலைகளில் உலைக்கு முன்னால் நிற்பது யார்? ஒடிசாப் பிள்ளைகள், அசாம் பிள்ளைகள், வங்காளத்துப் பிள்ளைகள். அரசாங்கம் அவர்களை அதிதித் தொழிலாளி என்கிறது. தெருவில் நாம் எந்த மாநிலத்துக்காரனையும் 'பங்காளி' என்று ஒரே பேரில் கூப்பிடுகிறோம். மலையாளத்தில் அது வங்காளியைக் குறிக்கும். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? ஒரே பாட்டன் வழி வந்தவன், நம் பங்கில் உரிமை உள்ளவன்! வாய்தவறியாவது சரியான சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் ஒரு தோப்பில் ஓர் ஒடிசாப் பையன் கூலி கேட்டான். தோப்புக்காரர் 'பார்க்கலாம்' என்றார். நம்மில் யாராவது 'பார்க்கலாம்' என்ற பதிலைக் கேட்டால் உடனே தெரிந்துவிடும், இப்போதைக்கு இல்லை என்று. அவனோ பார்க்க அழைக்கிறார்கள் என்று நினைத்து, தினமும் மாலையில் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒன்பது நாள் நின்றான். பட்டறையில் நான் நின்ற நிலை எனக்கு நினைவு வந்தது. என் கையில் ஒரு உறையாவது கொடுத்தார்கள். அவன் கையில் என்ன இருந்தது?

கேரள எழுத்தறிவு இயக்கம் 2017-ல் பெரும்பாவூரில் 'சங்காதி', அதாவது தோழன், என்று ஒரு திட்டம் தொடங்கியது. வந்தவர்களுக்கு மலையாளம் சொல்லித்தர 'ஹமாரி மலையாளம்' என்ற புத்தகமும் போட்டது. நல்ல காரியம், கைகூப்பி வரவேற்கிறேன். ஆனால் நம் எல்லைப்பகுதியில் அது பாதித் தேவைக்குத்தான் போதும். ஊராட்சி ஆபீஸில் மலையாளம், தோப்பில் தமிழ். சாயாக்கடையில் 'வெள்ளம்' என்றால் குடிக்கிற தண்ணீர், வீட்டில் அதே சொல் ஆற்றில் வருவது. 'சம்சாரிக்கணும்' என்று ஒரு மலையாளி சொன்னால் பேச வேண்டும் என்று அர்த்தம், நம் வீட்டில் சம்சாரம் என்றால் மனைவி. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தர வெளியூர் வாத்தியார் வரமாட்டார். இரண்டு பாலும் குடித்து வளர்ந்த நம்மால்தான் முடியும். 1991 ஏப்ரல் 18-ல் கோழிக்கோட்டு மேடையில், முதுமையில் எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா உம்மா கேரளத்தின் முழு எழுத்தறிவை அறிவித்தாரே, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? மாலை நேரத்தில் சம்பளமில்லாமல் உட்கார்ந்த நம்மைப்போன்ற ஊர்க்காரர்கள்தானே?

மூன்றாவதாக ஒப்பந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அடுத்து பிள்ளைகளின் கோலாட்டம் காத்திருக்கிறது. அதை இன்னொரு மேடையில் பேசுவேன்.

ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, நான் காசு கேட்கவில்லை. இந்த வாசகசாலையின் பின்னறையை ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை திறந்துவிடுங்கள். வந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தமிழும் மலையாளமும் அங்கே சொல்லித்தருவோம். அயல்நாடு போகும் நம் பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்த ஜப்பானியத்தையும் சேர்த்துச் சொல்லித்தருவேன். தலைமையாசிரியர் ஐயா முதல் பாடம் எடுக்கச் சம்மதித்துவிட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும், அந்த வாயை நாம் கொடுப்போம். பின்னறையில் இப்போது உடைந்த பெஞ்சும் பழைய தட்டிகளும் கிடக்கின்றன. சாவி யார் கையில் இருந்தாலும் இன்று இரவே என்னிடம் தாருங்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு நான் துடைப்பத்தோடு வாசலில் நிற்பேன்.