ஒலிபெருக்கியும் ஒரு தெரிந்த குரலும்

அன்புடைய நேயர்களுக்கு வணக்கம். பாட்டுக் கேட்பதற்கென்றே வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, உயர்தர ஒலிபெருக்கிகளை வைத்துப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருபவர்கள், அவை பழுதாகி வேறு வாங்க நேரும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன். பேச்சுவழக்கில் ஸ்பீக்கர் என்கிறோமே, அந்தப் பெட்டியைத்தான் நான் ஒலிபெருக்கி என்று சொல்லப்போகிறேன். அதை இயக்கும் கருவியை ஆம்ப்ளிஃபயர் என்றே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துக் குழம்புவது நமக்குப் பழகிப்போன ஒன்று.

என் பழைய பெட்டிகள் எப்படிப் போயின என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு நாள் மாலை இடப்பக்கப் பெட்டியில் கரகரவென்று ஒரு சத்தம். முன்னால் இருக்கும் துணிச்சட்டத்தைக் கழற்றிப் பார்த்தேன். தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரின் காகிதக் கூம்பை உலோகச் சட்டத்தோடு இணைக்கும் கறுப்பு நுரை வளையம் ஒன்று உண்டு. அதை விரலால் மெல்லத் தொட்டதும் ஊதுவத்திச் சாம்பலைப் போல உதிர்ந்து விழுந்தது. நுரை வளையங்கள் 15, 20 ஆண்டுகளில் இப்படி மக்கிப்போவது இயல்புதான். ரப்பர் வளையங்கள் அதைவிட நெடுநாள் தாங்கும். வளையம் மட்டும் போயிருந்தால் புதிய பெட்டியே தேவையில்லை, பழகிய கை ஒன்று கிடைத்தால் புது வளையத்தை ஒட்டிவிடலாம். என் விஷயத்தில் மேல் ஒலிகளைத் தரும் ட்வீட்டரும் ஊமையாகியிருந்தது, அதற்கு மாற்று கிடைக்கவில்லை. ஆகவே கடைக்குப் போனேன்.

கடையில் நான் செய்த தவறு, பலரும் செய்யும் தவறு. மெத்தை நாற்காலி, மங்கலான விளக்கு, தோள் உயரத்துக்கு நிற்கும் பளபளப்பான பெட்டிகள். முதலில் சிறிய ஜோடி ஒன்றை ஒலிக்கச் செய்தார்கள், பிறகு ஆம்ப்ளிஃபயரின் குமிழை அசைக்காமலேயே பெரிய ஜோடிக்கு மாற்றினார்கள். பெரியது உயிர்த்துடிப்போடு ஒலித்தது, சிறியது சோர்ந்து ஒலித்தது, நானும் பெரியதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து விவரத்தாளைப் படித்த பிறகுதான் புரிந்தது. ஒரே அளவு மின்னழுத்தம் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் சிறியது தரும் சத்தம் 86 டெசிபல், பெரியது தருவது 90 டெசிபல். இந்த 4 டெசிபல் வித்தியாசத்தைச் சரிக்கட்டச் சிறிய பெட்டிக்கு இரண்டரை மடங்கு வாட் கொடுக்க வேண்டியிருக்கும். குமிழை அசைக்கவில்லை என்பதால், பெரியது வெறுமனே கூடுதல் சத்தமாக ஒலித்திருக்கிறது. ஒரே இசையைச் சற்றே கூடுதல் சத்தத்தில் கேட்டால் அதையே தரம் என்று நம் காது நம்பிவிடுகிறது. ஒரு டெசிபல் வித்தியாசம்கூட இதற்குப் போதும். ஆகவே இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது முதல் வேலை சத்தத்தைச் சமமாக்குவது. இதை இன்னொரு முறையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் என்ன ஆயிற்று என்றால், பாட்டின் கீழ்ச் சுரங்களில் ஓரிரண்டு மட்டும் அறை முழுவதும் முழங்கின. அடுத்த சுரம் சாதாரணமாக இருந்தது. குற்றம் பெட்டியினுடையது அன்று, என் அறையினுடையது. என் அறை ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர், சதுரம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் அரை அலைநீளம் சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறை தானே எதிர்முழக்கம் செய்யத் தொடங்கும். 343ஐ அறையின் நீளத்தின் இரண்டு மடங்கால், அதாவது 8ஆல் வகுத்தால் 43 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 43 அதிர்வுகள். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்வது, ஆகவே அதன் அடிச் சுரங்கள் அப்படியே அங்கே வந்து மாட்டிக்கொள்கின்றன. அறை சதுரமாக இருந்துவிட்டால் நீளமும் அகலமும் ஒரே அதிர்வெண்ணைத் தாங்கிப்பிடிக்கும். நானோ பின்சுவரை ஒட்டி நாற்காலியைப் போட்டிருந்தேன். அந்த முழக்கம் உச்சத்தில் இருக்கும் இடம் சுவரோரம்தான். பழைய பெட்டிகள் அவ்வளவு கீழே இறங்காததால் இத்தனை ஆண்டுகளாக இந்தக் குறை வெளியே தெரியவில்லை. புதிய பெட்டிகள் 30 ஹெர்ட்ஸ் வரை இறங்குபவை. உறங்கிக்கொண்டிருந்த அறையை எழுப்பிவிட்டன. பெரிய அறைக்குப் பெரிய பெட்டி, சிறிய அறைக்குச் சிறிய பெட்டி என்பது கஞ்சத்தனத்தால் சொல்லும் பேச்சு அன்று.

இப்போது என் மனத்துக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். இதில் சற்று நேரம் எடுத்துக்கொள்வேன் என்று வானொலி நிலையத்தாரிடம் முன்னமே சொல்லிவைத்திருக்கிறேன். ஒலிபெருக்கியைச் சோதிக்கச் சிறந்த கருவி மனிதக் குரல். அதிலும் பாடும் குரலைவிடப் பேசும் குரல், அதிலும் நீங்கள் நாள்தோறும் கேட்கும் குரல். ஒரு வயலினோ வீணையோ பதிவான நாளில் அந்த அரங்கில் எப்படி ஒலித்தது என்பது நமக்குத் தெரியாது. ஆகவே பெட்டி தருவது சரியா தவறா என்று சொல்ல நம்மிடம் அளவுகோல் இல்லை. வீட்டு மனிதரின் குரல் அப்படியன்று. தொலைபேசியில் ஒரு சொல் கேட்டதுமே அவருக்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடித்துவிடுகிறோமே, அந்தக் கூர்மை நம் காதுக்கு வேறெதிலும் இல்லை.

இது நானாகக் கண்டுபிடித்ததன்று. பிபிசி ஆராய்ச்சிப் பிரிவினர் ஒலிபரப்பின் தரத்தைக் கேட்டுச் சரிபார்க்கும் தங்கள் கண்காணிப்பு ஒலிபெருக்கிகளை உருவாக்கியபோது, ஒருவர் நேரில் பேசுவதையும் அதே பேச்சு பெட்டி வழியாக வருவதையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிட்டிருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்துக்காக அவர்கள் வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ என்ற, ஏறக்குறைய ஓர் அடி உயரமே உள்ள பெட்டியை, பேச்சுக் குரலை இயல்பாகத் தருவதற்காகவே இன்றும் பலர் தேடி வாங்குகிறார்கள். அதில் பேஸ் எனப்படும் ஆழமான கீழொலி இல்லை, அதிகச் சத்தமும் இல்லை; குரல் இருக்கிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். மெத்தையும் போர்வையும் திரைச்சீலையும் நிறைந்த படுக்கையறையில், எதிரொலி குறைவான இடத்தில், மைக்கை ஒரு முழத் தூரத்தில் வைத்து, என் மனைவியைச் செய்தித்தாளிலிருந்து இரண்டு பத்தி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தேன். எதிரொலிக்கும் இடத்தில் பதிவு செய்தால் அந்த அறையின் சாயலும் கேட்கும் அறையின் சாயலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கெட்டுவிடும். உங்கள் குரலையே பதிவு செய்து நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். நம் குரல் மண்டை எலும்பின் வழியாகவும் நமக்குக் கேட்பதால் பதிவில் அது எப்போதும் அந்நியமாகத்தான் இருக்கும். வாசிப்பின் நடுவே மனைவி நிறுத்தி, “அந்த ஃபேனை நிறுத்தினால் என்ன?” என்று கேட்டார். அதை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரே ஒரு பெட்டியில், அவர் பேசும் அளவுக்கே சத்தத்தை வைத்து, பதிவை ஒலிக்கவிட்டேன். கடையில் என்னை மயக்கிய பெரிய ஜோடியில் என் மகள் கேட்டுவிட்டு, “அம்மா ஏன் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறாள்?” என்றாள். பெட்டியின் பலகை தானும் அதிர்ந்து குரலின் கீழ்ப்பகுதியை ஊதிப் பெரிதாக்கினால் இப்படி ஒலிப்பது உண்டு. அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுக்க நான் பட்ட பாடு தனிக் கதை. அடுத்து நண்பரிடம் இரவல் வாங்கிய ஜோடியில் ‘ச’வும் ‘ஸ’வும் ஊசியாகக் குத்தின. மூன்றாவதாக வந்தது ஒரு வூஃபரும் ஒரு ட்வீட்டரும் கொண்ட நடுத்தரமான இருவழிப் பெட்டி; பார்வைக்கு ஒன்றுமே இல்லை. அதில் பதிவை ஓடவிட்டு நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையிலிருந்து மகள் எழுந்து வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் ஃபேனை அணைத்துவிட்டுப் போனாள். நான் குறிப்பேட்டை மூடிவிட்டேன்.

குரலுக்கு ஏன் இந்த ஆற்றல் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இருவழிப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் வூஃபர் தன் வேலையை ட்வீட்டரிடம் ஒப்படைக்கும் இடம் 2,000, 3,000 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதி அதையொட்டியே தொடங்குகிறது, மெய்யெழுத்துகளைப் பிரித்து அறிய உதவும் ஒலிகளும் அங்கே நிறைய உண்டு. கைமாற்றம் ஒழுங்காக நடக்கவில்லை என்றால் குரல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். உட்கார்ந்து கேட்டால் மட்டும் போதாது, எழுந்து நின்று கேளுங்கள், பக்கவாட்டில் நடந்தும் கேளுங்கள். பக்கத்தில் போகப்போகக் குரல் மங்கலாம், ஆனால் ஆள் மாறக்கூடாது. பக்கங்களில் பரவும் ஒலிதான் சுவர்களில் பட்டு உங்களிடம் திரும்பி வருகிறது. அது வேறு நிறத்தில் இருந்தால் அறை எப்போதும் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

குரல் தேறிய பிறகுதான் இசை. நான் மிருதங்கத்தை எடுத்துக்கொள்வேன். அதன் வலப்பக்கத் தலையான வலந்தலையின் நடுவே உள்ள கரும்பூச்சு, அதாவது கருஞ்சாதம், மேற்சுரங்களை இசைவான விகிதத்தில் ஒழுங்குபடுத்துவதை சி.வி. ராமன் 1920இல் ஆராய்ந்து எழுதினார். அந்த ஒழுங்கு கலையாமல் சொற்கட்டின் சுருதி தெளிவாக நின்றால், பெட்டி நேரத்தையும் சுருதியையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது என்று பொருள். தம்புராவைத் தனியாக ஒலிக்கவிட்டுப் பத்து நிமிடம் கேட்பதும் நல்ல சோதனை. அதில் காது களைத்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

கண்ணைப் பற்றியும் ஒரு சொல். ஒலி ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பெட்டிகளைப் பார்த்துக் கேட்டபோது கொடுத்த மதிப்பெண்களும் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது கொடுத்தவையும் வேறுபட்டன. பார்க்கும்போது உருவமும் பெயரும் மதிப்பெண்ணில் கலந்துவிடுகின்றன. வீட்டில் ஒரு மெல்லிய துணியைத் தொங்கவிட்டு, யாரையாவது மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சத்தத்தைச் சமமாக்கிவிட்டு, நேயர்களே, சமமாக்கிவிட்டு.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். ஆம்ப்ளிஃபயரைப் பற்றி எழுதி வந்த இரண்டு பக்கங்களை மடித்துவைக்கிறேன். புதிய பெட்டியின் மின்தடை 4 ஓம் என்றால், உங்கள் ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்று அதன் கையேட்டில் பார்த்துவிடுங்கள். பழைய பெட்டிகளை உடனே விற்றுவிடாதீர்கள், இரண்டு வாரமாவது ஒப்பிட வைத்திருங்கள். கம்பி போதிய தடிமன் இருந்தால் போதும். ஆனால் இரண்டு பெட்டிகளிலும் சிவப்புமுனையும் கறுப்புமுனையும் ஒரே மாதிரி இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் மாறிப்போனால் பேஸ் காணாமல் போகும், நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வணக்கம்.