காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ

(கிருஷ்ணகிரியில் ஒரு லெந்துகால, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்புக்கால, வெள்ளி மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சுத் தமிழைக் கொஞ்சம் சரிசெய்து எழுதியிருக்கிறேன், மற்றபடி அப்படியேதான்.)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போதகர் ஐயா எனக்குக் கொடுத்த தலைப்பு "கிறிஸ்துவின் விசுவாசத்தில் ஆவிக்குரிய வாழ்வு". பெரிய தலைப்பு. நான் போதகர் இல்லை, வேதாகமக் கல்லூரிப் பக்கம் போனவனும் இல்லை, தருமபுரிப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவன். அதனால் எதைக் கொடுத்தாலும் யாருக்கு யார் பாக்கி, அது தீர்ந்ததா இல்லையா என்றுதான் என் கண் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆவிக்குரிய வாழ்வு என்றதும் நமக்கு என்னென்ன ஞாபகம் வருகிறது? விடியற்காலை ஜெபம், உபவாசம், லெந்தில் கறி மீன் விடுவது, பூ வைக்காமல் இருப்பது, முழு இராத்திரி ஜெபம், வருஷத்துக்கு ஒரு தரம் வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரைக்கும் முடிப்பது. இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் இந்த நாட்களில் கறி கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், இது எல்லாமே நானும் ஆண்டவரும் மட்டும் சம்பந்தப்பட்ட காரியம், மூன்றாவது ஆள் உள்ளே வருவதில்லை. அதனால்தான் இதெல்லாம் நமக்கு இவ்வளவு பிடித்திருக்கிறதோ என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம்.

மத்தேயு 5-ஆம் அதிகாரம், 23, 24 வசனங்கள். வேதாகமம் வைத்திருப்பவர்கள் எடுங்கள், போனில் பார்ப்பவர்களும் பார்க்கலாம். "ஆகையால், நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், அங்கேதானே பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து."

ஒப்புரவாவது என்றால் முறிந்த உறவைச் சரிசெய்துகொள்வது. இந்த வசனத்தில் யாருக்கு யார் மேல் குறை? நாம் படிக்கும்போது "எனக்கு அவன் மேல் குறை இருக்கிறது, சரி, மன்னித்துவிடுகிறேன்" என்று வசதியாக மாற்றிப் படித்துக்கொள்கிறோம். மன்னிப்பதாவது பரவாயில்லை, உட்கார்ந்த இடத்திலேயே மனசுக்குள் செய்துவிடலாம். இங்கே சொல்லியிருப்பது அது இல்லை. அவனுக்கு என் மேல் குறை. நான் செய்தது. அப்படியானால் அவன் வீட்டுக்கு நான்தான் போக வேண்டும், அவன் திண்ணையில் நான்தான் நிற்க வேண்டும், அவன் உட்காரச் சொல்கிறானா இல்லையா என்பது அவன் இஷ்டம்.

இன்னொன்று. இயேசு இதைப் பேசியது கலிலேயாவில். பலிபீடம் இருந்தது எருசலேமில், வேறு எங்கும் கிடையாது. நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல். நம் கணக்கில் தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு நடந்தே போவது மாதிரி, அதுவும் இந்த நாலு வழிச் சாலை எல்லாம் இல்லாமல். பண்டிகைக்குக் குடும்பத்தோடு நாள்கணக்கில் நடந்து, கூட்டத்தில் இடிபட்டு, ஆட்டுக்கு நல்ல விலை கொடுத்து, ஒருவழியாகப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறான் ஒரு கலிலேயன். அப்போது அவனுக்கு ஊரில் இருக்கிற அண்ணன் தம்பி யாரோ ஒருவர் முகம் ஞாபகம் வருகிறது. இயேசு என்ன சொல்கிறார்? ஆட்டை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போ. மறுபடியும் அத்தனை தூரம். ஒப்புரவாகு. அப்புறம் திரும்ப வா. கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், அந்த ஆட்டை யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவராவது கேட்டிருப்பார். ஆராதனை காத்திருக்கலாம், அண்ணன் காத்திருக்கக் கூடாது என்பதை இதைவிடக் கறாராக எப்படிச் சொல்வது?

கணக்கு எழுதினவன் என்பதால் லேவியராகமம் எனக்குப் பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது. அதில் 6-ஆம் அதிகாரம் தொடக்கத்தைப் பாருங்கள். அடுத்தவன் பொருளை ஏமாற்றி வைத்துக்கொண்டவன் முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும், அதற்கு அடுத்த வசனத்தில்தான் ஆட்டுக்கடாவைப் பலிக்குக் கொண்டுவருவது வருகிறது. ஒரு லட்சம் என்றால் ஒரு லட்சத்து இருபதாயிரம், அப்புறம்தான் கடா. சகேயு இதையும் தாண்டிப் போனான். லூக்கா 19-இல் "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்கிறான், அது ஆடு திருடினவனுக்கு யாத்திராகமம் 22-இல் போட்டிருக்கிற தண்டனை. ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், அதுவும் தலைவன், தன்னைத் தானே ஆட்டுத் திருடன் வரிசையில் நிறுத்திக்கொள்கிறான். இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதற்கு அப்புறம்தான். சகேயு அத்தி மரத்திலிருந்து இறங்கினதை ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டாகச் சொல்லிக் கொடுக்கிறோம், பணத்தைத் திருப்பிக் கொடுத்ததற்குப் பாட்டு ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். ராயக்கோட்டைப் பக்கம் அண்ணன் தம்பி இருவர், பெயர் வேண்டாம். அப்பா விட்டுப்போன நிலம் பாகம் பிரிந்துவிட்டது, கிணறு மட்டும் கூட்டுக் கிணறு. கரண்ட் கனெக்‌ஷன் அண்ணன் பெயரில். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வரப்பை வெட்டினதில் ஏதோ பேச்சு வந்து, சித்திரை வெயிலில் அண்ணன் மோட்டார் கொட்டகைக்கு வேறு பூட்டுப் போட்டுவிட்டார். தம்பி தக்காளி வைத்திருந்தான், காய் பிடிக்கிற நேரம். குச்சி கட்டி, நூல் இழுத்துக் கட்டி, மருந்தடித்து எல்லாச் செலவும் முடிந்த செடி. மேலே இலை சுருண்டு, காய் அடிப்பக்கம் கறுத்து, பறிக்காமலே விட்டுவிட்டான். மண்டிக்கு ஒரு பெட்டி கூடப் போகவில்லை. அந்த வருஷம் அண்ணனுக்கு மாங்காய் நல்ல காய்ப்பு, சபைக்கு ஸ்தோத்திரக் காணிக்கை கொண்டுவந்து வைத்தார், பெயர் வாசித்தார்கள், தம்பி பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். இருவரும் அன்றைக்கு ஒரே அப்பமும் ரசமும் பகிர்கிற நற்கருணை வாங்கினார்கள்.

அண்ணனுக்கு அது உறுத்த ஆரம்பித்தது பின்னால்தான், எப்படி என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. ஒருநாள் சாவியோடு தம்பி வீட்டுக்குப் போனார். வெறும் சாவியோடு இல்லை, மண்டியில் அந்த மாதம் என்ன விலை போனது என்று விசாரித்து, அத்தனை செடிக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, மேலே ஐந்தில் ஒரு பங்கும் வைத்து எடுத்துக்கொண்டு போனார். தம்பி பெண்டாட்டி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தம்பி பணத்தை எண்ணிப் பார்த்தான், சாவியை வாங்கி மாட்டினான், ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று சொன்னால் கூட்டத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் நடக்கவில்லை. இன்றைக்கும் அளந்துதான் பேசுகிறான். ஆனால் தண்ணீர் முறைப்படி பாய்கிறது, கனெக்‌ஷன் இப்போது இருவருக்கும் பொது என்று எழுதிக்கொண்டார்கள். இதைத்தான் ஆவிக்குரிய வாழ்வு என்று நான் சொல்லுவேன்.

ஜெபம் பெரிதா இது பெரிதா என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்று ஓர் ஊர். சின்சென்டார்ப் என்ற பிரபுவின் நிலத்தில், விசுவாசத்துக்காக மொரேவியாவிலிருந்து ஓடிவந்தவர்கள் 1722-லிருந்து குடியேறினார்கள். உபத்திரவத்துக்குத் தப்பி வந்த ஜனம், ஒற்றுமையாக இருந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ஐந்து வருஷத்தில் அடித்துக்கொள்ளாத குறை, உபதேசத்தில் சண்டை, பிரபுவையே அந்திக்கிறிஸ்து கணக்கில் பேசினவர்களும் உண்டு. அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார், 1727 மே மாதம் எப்படி ஒன்றாக வாழ்வது என்று எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். அந்த ஆகஸ்ட் 13-ஆம் தேதி நற்கருணை ஆராதனையில் ஒருவரோடொருவர் ஒப்புரவானார்கள். அதே மாதக் கடைசியில்தான் முறை வைத்து இருபத்துநாலு மணி நேரமும் ஜெபிப்பதை ஆரம்பித்தார்கள், அது நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. 1732-இல் அவர்களில் ஒரு குயவரும் ஒரு தச்சரும் கரீபியன் தீவில் அடிமைகளிடம் சுவிசேஷம் சொல்லப் போனார்கள், 1760-இல் அவர்கள் ஆட்கள் நம் தரங்கம்பாடிக்கே வந்தார்கள். நூறு வருஷ ஜெபத்தைப் பற்றி எல்லா எழுப்புதல் கூட்டத்திலும் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு மனிதர் வீடு வீடாகப் போய்ச் சமாதானம் பேசினதைச் சொல்வதில்லை.

இந்தக் கிருஷ்ணகிரிக்கும் ஒரு கதை உண்டு. 1895-இல் அமெரிக்காவின் மிசோரி லூத்தரன் சபையின் மிஷனெரியாக இங்கே வேலை ஆரம்பித்தவர் தியோடர் நேதர். அதற்கு முன் அவர் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் இருந்தவர், வேத வசனத்தின் ஏவுதல், அதாவது அது தேவனால் அருளப்பட்டது என்பது, பற்றிய உபதேசத்தில் ஒத்துப்போகாமல் வெளியே வந்தவர். ஆக, நம் ஊர் ஊழியத்தின் வேரிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. ஒப்புரவு என்றால் எல்லாரும் ஒரே கருத்துக்கு வருவது என்று யாராவது நினைத்தால் இதை யோசியுங்கள், மனசாட்சிக்குப் பட்டதை விடாமல் இருப்பது வேறு, பகை வேறு. நேதர் 1904-இல் பிளேக் நோய் கண்டு இறந்தார்.

இன்னும் ஒன்று சொல்லாமல் இறங்கினால் இவ்வளவு பேசினதும் வீண். குறை என்றால் வரப்பும் கிணறும் மட்டும் இல்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று கடிதம் அனுப்பினபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதற்குச் சபையை விட்டுப் போவதே மேல் என்று போனார்கள். அது பழங்கதை என்று சொல்ல நமக்கு வாய் இருக்கிறதா? 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் வட்டாரத்தில் தலித் மக்களின் காலனி வீடுகள் எரிந்தபோது அந்தப் புகை நம் பக்கத்துப் புகைதான். நம் கல்லறைத் தோட்டங்களில், நம் பெண் பார்க்கும் படலத்தில், "அவங்க வேற" என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம். நம்மேல் குறை உள்ள சகோதரன் யார் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை, தலைமுறையாக அவன் அதே பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு அக்கா கேட்டார், "அடிக்கிற புருஷன்கிட்ட நான்தான் போய் ஒப்புரவாகணுமா தம்பி?" இல்லை அக்கா. இந்த வசனம் உங்களுக்கு எழுதினதே இல்லை, அவருக்கு எழுதினது. அவர் மேல் குறை இருப்பது உங்களுக்கு, காணிக்கையை வைத்துவிட்டு நடக்க வேண்டியவர் அவர். பிழை செய்யாதவரைப் போய்க் காலில் விழச் சொல்ல இந்த வசனத்தை யாராவது எடுத்தால், அவர் போதகராகவே இருந்தாலும், 23-ஆம் வசனத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள்.

அவ்வளவுதான். நான் பேசிக்கொண்டிருந்தபோது யாருக்காவது ஒரு முகம் ஞாபகம் வந்திருந்தால், அடுத்த வெள்ளிக்கிழமை இந்தக் கூட்டத்துக்கு வராதீர்கள், பர்கூரோ பாலக்கோடோ அரூரோ, அந்த ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கே பஸ் ஏறுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியது இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். வருகை குறைந்தால் போதகர் ஐயாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.