தேர் ஏன் நின்றது?

தலைவர் அவர்களே, வேறொரு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் முதல்வர் அம்மா அவர்களே, என்னை அழைத்ததோடு நிற்காமல் மூன்று முறை நினைவூட்டிய துறைத் தலைவர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். வரவேற்புரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி எனக்கே புதுச் செய்தி. பேராசிரியருக்கு நன்றி.

மீக்கணினியின் கணுக்களை, அதாவது அதற்குள் பிணைந்திருக்கும் தனித்தனிக் கணினிகளை, ஒன்றுபோல் நடக்கவைக்க இயங்குதளம் என்ன செய்ய வேண்டும் என்பதே தலைப்பு. மூன்று விஷயங்கள் பேசப் போகிறேன்: பின்னணி இரைச்சல், கடிகாரம், கூட்டு அட்டவணை.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஆயிரக்கணக்கான கணுக்கள் ஒரே கணக்கைப் பங்கிட்டுச் செய்கின்றன. ஒவ்வொரு படி முடிந்ததும் எல்லோரும் வந்துசேரும் வரை காத்திருக்க வேண்டும். இதைத்தான் 'பேரியர்' என்கிறோம். ஒருவர் வேட்டியைச் சரிசெய்ய நின்றால் தேரே நிற்கும்.

இது வெறும் உவமை இல்லை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஆஸ்கி க்யூ என்றொரு மீக்கணினி இருந்தது. 8,192 செயலிகள், கணுவுக்கு 4. அதில் 'சேஜ்' என்ற நிரலை ஓட்டினால், கணித மாதிரி சொன்ன வேகத்தில் பாதிதான் வருகிறது. நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வோம்? "மாதிரி தப்பு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவோம். பெட்ரினி, கெர்பிசன், பேகின் என்ற மூவரும் போகவில்லை. நோண்டினார்கள். வலைப்பின்னல் சரி, செயலி சரி. அப்புறம் ஒரு விநோதம் கண்ணில் பட்டது: கணுவில் 4 செயலிகளையும் வேலை வாங்குவதைவிட, ஒன்றைச் சும்மா விட்டு 3 செயலிகளில் ஓட்டினால் வேகம் கூடுகிறது! அந்த நாலாவது ஆள் என்ன செய்துகொண்டிருந்தார்? இயங்குதளத்தின் எடுபிடி வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உயிரோடு இருக்கிறாயா?" என்று கணுக்களை நலம் விசாரிக்கும் டீமன்கள் என்ற பின்னணி நிரல்கள், பதிவேடு எழுதுபவை, இன்னும் என்னென்னவோ. பின்னணி இரைச்சல் என்றேனே, அது இதுதான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் தூசு. சிலவற்றை நிறுத்தினார்கள், சிலவற்றை இடம் மாற்றினார்கள், நலம் விசாரிப்பைக் குறைத்தார்கள். புது வன்பொருள் ஒன்றுகூட வாங்காமல் சேஜின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 2003இல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

கணக்கு எளிது. ஒரு படி 1 மில்லி நொடி என்று வையுங்கள். ஒவ்வொரு கணுவும் நொடிக்கு ஒருமுறை 1 மில்லி நொடி நிற்கிறது. இழப்பு ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் 1,000 கணுக்கள் ஆளுக்கொரு நேரத்தில் நின்றால், பாதிக்கும் மேற்பட்ட படிகளில் யாரோ ஒருவர் தேரை நிறுத்திவைத்திருப்பார். எல்லோரும் ஒரே சமயத்தில் நின்றால் இழப்பு மறுபடியும் ஆயிரத்தில் ஒன்று. எல்லாக் கணுக்களும் சேர்ந்தே வேலை செய்து சேர்ந்தே நிற்கும்படி நேரம் ஒதுக்கும் கூட்டு அட்டவணையின் உயிர்நாடி இதுதான். அதற்குக் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். வலைப்பின்னல் வழியே கடிகாரங்களை ஒத்துப்போகவைக்கும் முறைகளில் என்டிபி மில்லி நொடிக் கணக்கு, பிடிபி மைக்ரோ நொடிக்கும் கீழே... தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருடையதும் என்னுடையதும் ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது! சரி, அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

என் கட்சிக்கு வருகிறேன். ஆஸ்கி க்யூவில் ஓடியது ட்ரூ64 என்ற இயங்குதளம், ஒரு நிறுவனத்தின் சொத்து. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருந்த இரைச்சலைப் பயனர் நினைத்த மாதிரி திருத்த முடியாது. இன்று? 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸ் என்ற திறந்த மூலநிரல் இயங்குதளத்தில்தான் ஓடுகின்றன. செயலிக்குள் கணக்குப் போடும் அலகான 'கோர்' ஒன்றை, கர்னல் அடிக்கடி குறுக்கிடும் கடிகாரத் துடிப்பு தொந்தரவு செய்யாதபடி விலக்கும் வசதி 2013இல் லினக்ஸுக்குள் வந்தது. மூலநிரல் திறந்திருப்பதால் எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தத்தை ஊருக்கே கொடுக்கலாம். ஊர் கூடித் தேர் இழுப்பது என்றால் இதுவும்தான்.

ஆனால் நம் மாணவர்கள் இயங்குதளப் பாடத்தை எப்படிப் படிக்கிறார்கள்? பெட்டி பெட்டியாகப் படம் வரைந்து மதிப்பெண் வாங்குகிறார்கள். ஒரு கர்னலை மூலநிரலிலிருந்து கையால் தொகுத்து ஓட்டிப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். நான்கு கை. முதல்வர் அம்மா கவனிக்க வேண்டும், நான்கே நான்கு.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். ஆய்வகத் தேர்வில் கர்னல் தொகுப்பைக் கட்டாயமாக்கக் கேட்கும் மனு அங்கே இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. தலைவர் முதல் கையெழுத்தைப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார், நன்றி.