ஒன்றா, பலவா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தின் ஒருமை பன்மை பற்றி மட்டக்களப்பில் இருந்து பேசுகிறவர் வாவியைத் தொடாமல் போக முடியாது. 'சிங்கிங் ஃபிஷ்' என்றுதான் வெளிநாட்டார் நம்மூரை அறிந்திருக்கிறார்கள். பாடுவது ஒரு மீனா, ஒரு கூட்டமா? அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒன்றானாலும் ஃபிஷ், ஓராயிரமானாலும் ஃபிஷ். இலங்கையில் பிரித்தானிய ஆட்சியின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வந்த தன் நூலில் வாவியில் கேட்கும் இந்த ஓசையைப் பற்றி எழுதினார். அது ஒரே நீண்ட சுரமல்ல, சின்னச் சின்ன ஒலிகள் பலவற்றின் கூட்டம் என்றார். பாடுவது மீனே இல்லை, ஊரி என்ற நத்தைதான் என்று இங்குள்ள மீனவர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதிவைத்தார். அந்த வழக்கு நமக்கு இன்று வேண்டாம்.

ஃபிஷஸ் என்ற சொல்லும் இருக்கிறது. மீனின் வகைகளைப் பிரித்துச் சொல்லும்போது அது வரும். கூடை நிறையத் திரளி மட்டும் கிடந்தால் ஃபிஷ் போதும். திரளி, மணலை, ஓரா என்று வாவி மீன் வகைகளை ஒருவர் ஆராய்ந்து எழுதினால் ஃபிஷஸ் என்று எழுதலாம். ஆட்டுக்கு ஷீப், மானுக்கு டியர். இவையும் எண்ணிக்கையால் மாறுவதில்லை.

இதைக் கேட்டுத் தமிழ்ப் பிள்ளை திகைக்கத் தேவையில்லை. நம் இலக்கணத்தில் இதற்குப் பெயரே உண்டு, பால்பகா அஃறிணைப் பெயர். 'மாடு வந்தது' என்றால் ஒன்று, 'மாடு வந்தன' என்றால் பல. பெயர் அப்படியே நிற்கிறது, வினைதான் கணக்குச் சொல்கிறது. 'ஷீப் இஸ்', 'ஷீப் ஆர்' என்பதும் அதே வேலைதான்.

பிள்ளைகள் 'டூ புக்' என்று எழுதி, கொப்பியில் சிவப்புக் கோடு வாங்குவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. கடையில் நாம் 'ரெண்டு தேங்காய் தாங்க' என்கிறோம். ரெண்டு என்று சொன்ன பிறகு 'கள்' எதற்கு? ஆட்கள் என்று வந்தால் மட்டும் நமக்கு மனம் கேட்காது. ரெண்டு அக்காமார், நாலு ரீச்சர்மார் என்று 'மார்' போட்டுவிடுவோம். ஆங்கிலத்துக்கு உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாடு கிடையாது. அக்காவுக்கும் எஸ், தேங்காய்க்கும் எஸ். அதனால் 'டூ புக்' என்று எழுதும் பிள்ளையை மொக்கு என்று திட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பிள்ளை தமிழில் சரியாக யோசிக்கிறது. அதற்குக் காட்ட வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

இன்னொரு சிக்கல், எஸ் இரண்டு இடத்தில் வேலை செய்வது. பெயரோடு சேர்ந்தால் பன்மை, வினையோடு சேர்ந்தால் ஒருமை. 'த பாய் ரன்ஸ்', 'த பாய்ஸ் ரன்.' இப்படியான நிகழ்கால வசனங்களில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் எஸ் நிற்கும். இந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டால் சாதாரண தரப் பரீட்சையில் பாதித் தொல்லை குறையும்.

சரி, எஸ் தான் பன்மை என்றால் ஆக்ஸுக்கு ஆக்ஸன், சைல்டுக்கு சில்ட்ரன் எங்கிருந்து வந்தன? பழைய ஆங்கிலத்தில் பன்மைக்குப் பல விகுதிகள் இருந்தன. எஸ்ஸோடு போட்டிக்கு நின்றது 'என்'. இங்கிலாந்தில் முதன்முதல் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490இல் ஒரு கதை எழுதினார். தேம்ஸ் ஆற்றில் கப்பலோடு காற்றுக்குக் காத்திருந்த வியாபாரிகள் கரையேறி, ஒரு வீட்டில் முட்டை கேட்டார்கள். 'எக்ஸ்' என்று கேட்டவரிடம், தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாளாம் அந்தப் பெண். கேட்டவருக்கும் பிரெஞ்சு தெரியாது, கோபம் வந்துவிட்டது. பிறகு இன்னொருவர் 'ஐரென்' என்று விளக்கிய பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. இரண்டும் ஆங்கிலம்தான், இரண்டும் முட்டையின் பன்மைதான். இதில் எதை எழுதுவது என்று காக்ஸ்டனே தலையைச் சொறிந்தார். கடைசியில் எஸ் வென்றது. 'என்' தோற்றுப்போய், ஆக்ஸன் போல ஓரிரண்டு சொற்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சில்ட்ரன் இன்னும் வேடிக்கை. 'சில்டர்' என்பதே ஒரு காலத்தில் பன்மைதான். அது போதாது என்று பட்டதோ என்னவோ, மேலே 'என்' ஒன்றையும் ஏற்றிவிட்டார்கள். சிரிக்க வேண்டாம், நாமும் அதைச் செய்தவர்கள்தான். 'அவர்' என்பது முதலில் பன்மை. மரியாதைக்காக ஒருவரையே அவர் என்று சொல்லிப் பழகிய பிறகு, பலரைக் குறிக்க 'அவர்கள்' தேவைப்பட்டது.

ஃபுட் ஃபீட், டூத் டீத், மவுஸ் மைஸ் என்பவை வேறு ரகம். மிகப் பழைய காலத்தில் இவற்றின் பன்மை விகுதியில் ஒரு இகர ஒலி இருந்தது. அது முன்னால் இருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்து மாற்றிவிட்டு, தான் மறைந்துபோனது. இப்படியானவை மிகக் கொஞ்சம், மனப்பாடம் செய்துவிடலாம்.

நம் வாயில் வந்து சேர்ந்த எஸ்ஸையும் சொல்ல வேண்டும். 'ஒரு டைல்ஸ் உடைஞ்சிட்டு', 'ஒரு மாக்ஸால போயிட்டு' என்கிறோம். அவர்களுடைய பன்மை நமக்கு ஒருமை. தமிழ் பேசும்போது இதில் எந்தத் தப்பும் இல்லை, திருத்தப் போகவும் வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ஒரு டைல், ஒரு மாக் என்று எஸ்ஸைக் கழற்றிவிடுங்கள். இதற்கு நேர்மாறாக, அட்வைஸ், இன்ஃபர்மேசன், ஃபர்னிச்சர், லக்கேஜ் ஆகியவற்றுக்கு எஸ் ஒட்டவே கூடாது. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதங்களில் 'இன்ஃபர்மேசன்ஸ்' என்பதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

எஸ் இருந்தும் ஒருமையாக நடப்பவையும் உண்டு. மெத்தமெட்டிக்ஸ் ஒன்று, நியூஸ் இன்னொன்று. 'த நியூஸ் இஸ்' என்றுதான் வரும், 'ஆர்' வராது. தமிழில் நாம் செய்திகள் என்று பன்மையில் சொல்கிறோம். நிலையத்தார் அதற்குத்தான் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வணக்கம்.