"எதுவும் வேண்டாம், விட்டால் போதும்" என்று கையெழுத்துப் போடும் முன்

[திரையில்: குடும்ப நீதிமன்ற வராண்டா, காலை நேரக் கூட்டம்]

வணக்கம். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு வரும் பெண்களில் பலர் வக்கீலிடம் முதலில் சொல்வது இதுதான்: "எனக்கு எதுவும் வேண்டாம் சார், விட்டால் போதும்." வருடக்கணக்கில் சண்டை, இரண்டு வீட்டுப் பெரியவர்களின் பஞ்சாயத்து என்று எல்லாம் பார்த்தவர்களுக்கு அந்தக் களைப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வரி மனுவில் ஏறிவிட்டால், நகையும் ஜீவனாம்சமும் அதோடு கைவிட்டுப் போகலாம். அதனால் கையெழுத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பேசுவோம்.

இந்து திருமணச் சட்டப்படி பரஸ்பர சம்மத விவாகரத்து கேட்க, ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு 6 மாதக் காத்திருப்பு. தேவைப்பட்டால் அந்த 6 மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எப்படிப் பார்த்தாலும் கையில் கொஞ்சம் காலம் இருக்கிறது. பண விஷயத்தைத் தீர்ப்பு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

முதல் வேலை போன் நம்பர். உங்கள் வங்கிக் கணக்கின் ஓடிபி யார் போனுக்குப் போகிறது? பல வீடுகளில் கணவர் நம்பர்தான் இருக்கும். வங்கியிலும் ஆதாரிலும் உங்கள் நம்பரைப் பதியுங்கள். கூட்டுக் கணக்கு இருந்தால், யாராவது ஒருவர் கையெழுத்தில் பணம் எடுக்கும் ஏற்பாட்டை மாற்றச் சொல்லிக் கிளைக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். சம்பளம் வருவதற்கு உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு தொடங்குங்கள்.

[திரையில்: வீட்டுக் கடன் ஒப்பந்தம், இரண்டு கையெழுத்துகள்]

அடுத்தது கடன். அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான்.

வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் இருக்கிறது. "இனி தவணையை அவரே கட்டுவார்" என்று, இருவரும் ஒத்துக்கொண்டதை எழுதிக் கொடுக்கும் சமரச மனுவில் எழுதி, நீதிபதியும் ஏற்றுக்கொள்கிறார். சரி, முடிந்தது என்று நினைப்பீர்கள். ஆனால் வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பே கிடையாது. அவர் கட்டாமல் விட்டால் வங்கி உங்களையும் தேடி வரும். கடன் தருமுன் வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் விழும். நான்கு வருடம் கழித்து ஒரு ஸ்கூட்டி கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது தெரியவரும்.

இதற்கு வழி உண்டு. கடனை ஒருவர் பெயருக்கு மட்டும் மாற்றித் தரச்சொல்லி வங்கியிடம் கேட்கலாம். அந்த ஒருவரின் வருமானம் போதுமா என்று பார்த்துவிட்டுத்தான் சம்மதிப்பார்கள். சம்மதிக்காவிட்டால் வேறு வங்கியில் ஒற்றைப் பெயரில் கடன் எடுத்து இதை அடைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் வீட்டை விற்றுக் கடனை முடித்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. வீட்டின் மீது எவ்வளவு ஆசை இருந்தாலும், பிரிந்துபோன ஒருவர் மாதாமாதம் ஒழுங்காகப் பணம் கட்டுவார் என்று நம்பி உங்கள் பெயரை அங்கே விட்டுவைக்க முடியாது.

உங்கள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கடன் விவரம் வைத்திருக்கும் நிறுவனங்கள் நம் நாட்டில் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மகளிர் குழுவில் மனைவி பெயரில் வாங்கி, கணவர் தொழிலில் போட்ட பணம், நினைவில்லாமல் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாம் அதில் தெரியவரலாம். அப்படி வந்த ஒவ்வொரு கடனையும் யார் எந்தத் தேதிக்குள் அடைப்பது என்று சமரச மனுவில் எழுதச் சொல்லுங்கள்.

[திரையில்: அடகுச் சீட்டு, நகைக்கடை ரசீது]

இப்போது நகை. தாய்வீட்டில் போட்ட நகை சீதனம். அது முழுக்க மனைவியின் சொத்து என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் கேரளாவில் இருந்து வந்த வழக்கில் இன்னும் அழுத்திச் சொன்னது. அந்தப் பெண்ணுக்குத் திருமணத்தில் போட்டது 89 பவுன். பத்திரமாக வைக்கிறோம் என்று வாங்கிய கணவர் வீட்டார், தங்கள் கடனுக்கு அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கஷ்டகாலத்தில் கணவர் எடுத்திருந்தாலும் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று சொன்ன நீதிமன்றம், அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது.

இங்கே வழக்கமாக வரும் சிக்கல், நகை உங்களுடையதாக இருக்க அடகு அவர் பெயரில் இருப்பது. நீங்கள் போய்க் கேட்டால் வங்கி மீட்டுத் தராது. அதனால் அடகுச் சீட்டைப் போட்டோ எடுங்கள். கல்யாண ஆல்பம், நகைக்கடை ரசீது, அம்மா கையால் எழுதிய பவுன் கணக்கு என்று எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். அவர் மீட்டுக் கொடுத்து, நகை உங்கள் கைக்கு வந்த பிறகுதான் கடைசிக் கையெழுத்து.

ஜீவனாம்சத்தில் தேதி முக்கியம். 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஜீவனாம்சம் கேட்டு மனு போட்ட நாளில் இருந்தே தொகை கணக்காகும். இருவரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நஷ்டம். குழந்தைக்கான தொகை குழந்தையின் உரிமை. அதை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அம்மாவுக்குக்கூடக் கிடையாது.

மொத்தமாக ஒரு தொகை வந்தால் சொந்தக்காரர்கள் வருவார்கள். தம்பிக்குக் கடை வைக்க வேண்டும், மாமாவுக்குத் தெரிந்த சீட்டு நல்ல சீட்டு என்பார்கள். ஆறு மாதம் யாருக்கும் பதில் சொல்லாதீர்கள். உங்கள் பெயரில் நிரந்தர வைப்பில் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு, ஆகவே பெரிய தொகையைப் பிரித்துப் போடுவது நல்லது.

நாமினி பெயரை மாற்ற மறக்காதீர்கள். ஆனால் அது மட்டும் போதாது. தீர்ப்பு வரும்வரை, பிரிந்து வாழ்ந்தாலும் கணவர் சட்டப்படி உங்கள் வாரிசு. உங்கள் சேமிப்பு குழந்தைக்கே போக வேண்டுமென்றால் உயில் எழுதுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் முன் நீங்கள் கையெழுத்துப் போட்டு, அவர்களும் கையெழுத்துப் போட்டால் போதும்.

தங்க இடம் தேடுவது இன்னொரு போராட்டம். தனியாக வரும் பெண்ணிடம் "வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்காத வீட்டு உரிமையாளர் அபூர்வம். வேலைக்குப் போகிறவர்கள் தமிழக அரசின் தோழி விடுதிகளில் விசாரியுங்கள். தாம்பரம், திருச்சி, வேலூர் போன்ற ஊர்களில் இருக்கின்றன.

[திரையில்: 15100]

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நினைக்கிறீர்களா? 1987-ம் வருட சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணைக் கூப்பிடலாம், அல்லது உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரே போகலாம். போகும்போது கல்யாணப் பத்திரிகை, ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்று, அவர் சம்பளம் பற்றிக் கையில் கிடைத்த ஏதாவது ஒரு தாள், அப்புறம் அந்த அடகுச் சீட்டு போட்டோ, இதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இருப்பதோடு போங்கள்.